‘கஸ்டமர் வீட்டில் இல்லை’: வீட்டில்தான் இருந்தோம்! ஓஎம்ஆர் முதல் மாமல்லபுரம் வரை பார்சல் ஏன் வழி தவறுகிறது?

மதியம் 2.40 மணி. போனில் ஒரு மெசேஜ்: ‘டெலிவரி செய்ய முயன்றோம். வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.’

படூரில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அன்று எனக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம். அம்மா ஹாலில். அப்பா பால்கனியில், கேட்டையே பார்த்தபடி. வரவேண்டியது அவருடைய சுகர் டெஸ்ட் ஸ்ட்ரிப். பழைய டப்பாவில் மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு. காலிங் பெல் அடிக்கவில்லை, போனும் வரவில்லை. ஆனால் ஆப்பின்படி நாங்கள் ‘வீட்டில் இல்லை’.

ஓஎம்ஆர், இசிஆர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கே குடியிருந்தாலும் உங்களுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். இது வெறும் சோம்பேறித்தனமா? பின்கோடு பிரச்னையா? கேட்டில் நடக்கும் கூத்தா? பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘டெலிவரி தோல்வி’ என்றால் என்ன?

நீங்கள் ஆர்டர் செய்த பொருள் விற்பவரிடமிருந்து கிளம்பி, பெரிய குடோன், பிரித்து அனுப்பும் மையம், உங்கள் ஏரியா ஹப் என்று படிப்படியாக வருகிறது. அதுவரைக்கும் லாரியில் மொத்தமாக வரும். ஹப்பிலிருந்து உங்கள் வாசல் வரைக்குமான கடைசி சில கிலோமீட்டர்தான் சிக்கல். அங்கே ஒவ்வொரு பார்சலும் தனித்தனி வீட்டுக்குப் போக வேண்டும். மொத்தப் பயணத்தில் ஒரு பார்சலுக்கு அதிகம் செலவாகும் பகுதியும் இதுதான்.

பைக்கில் கிளம்பும் ஊழியர் ஒவ்வொரு பார்சலுக்கும் ஆப்பில் ஒரு முடிவைப் பதிவு செய்தாக வேண்டும். கொடுத்தாச்சு, இல்லையென்றால் ஏன் கொடுக்கவில்லை என்ற காரணம். அந்தக் காரணங்களின் பட்டியல் சின்னது. கதவு பூட்டியிருக்கிறது, முகவரி முழுமையாக இல்லை, போனை எடுக்கவில்லை, வாடிக்கையாளர் இல்லை... இப்படித்தான் இருக்கும். ‘நேரம் போதவில்லை’ என்பதற்கோ ‘கேட்டிலேயே 20 நிமிஷம் நிற்க வைத்துவிட்டார்கள்’ என்பதற்கோ அதில் பெரும்பாலும் இடமிருக்காது. மாலை ஆகிவிட்டால், மீதியிருக்கும் பார்சல்களுக்கு எது பொருந்துகிறதோ அதைத் தட்டிவிட்டுப் போவது நடக்கிறது.

சில முயற்சிகள் இப்படித் தோற்றால் பார்சல் ‘ஆர்டிஓ’ ஆகிவிடும். அதாவது, அனுப்பியவருக்கே திரும்பப் போய்விடும்.

ஒரே சாலை, மூன்று பின்கோடு

நம்ம ஏரியாவுக்கென்று தனியாக ஒரு தலைவலி உண்டு. அது பின்கோடு.

பின்கோடு இந்தியாவில் அறிமுகமானது 1972 ஆகஸ்ட் 15-ம் தேதி. தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் அதை உருவாக்கியவர். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது, ஒவ்வொருவரும் தங்கள் மொழியில் முகவரி எழுதுவது ஆகிய இரண்டு குழப்பங்களையும் தீர்ப்பதுதான் நோக்கம். ஆறு இலக்கங்களில் முதலாவது மண்டலம். தமிழ்நாடும் கேரளமும் 6-ல் வருகின்றன. முதல் மூன்று இலக்கங்கள் எந்த இடத்தில் தபால் பிரிக்கப்படும் என்பதைச் சொல்லும். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகம்.

இங்கேதான் சிக்கல். 600 என்றால் சென்னை. 603 என்றால் செங்கல்பட்டு. ஆனால் இந்தக் கோடுகள் தபால்துறையின் வசதிக்காக எப்போதோ போடப்பட்டவை. வருவாய்த் துறையின் எல்லை வேறு. காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 29-ல். மாவட்டம் மாறினாலும் பின்கோடு அப்படியே இருந்தது.

வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 கி.மீ. கூட இல்லை. வண்டலூர் முனையில் 600048. நடுவில் மேலக்கோட்டையூர் பக்கம் 600127. கேளம்பாக்கம் முனைக்கு வந்தால் 603103. மூன்றுமே ஒரே மாவட்டம். இதில் முதல் இரண்டும் சென்னை வரிசை, மூன்றாவது செங்கல்பட்டு வரிசை.

இப்போது நாம் என்ன செய்கிறோம்? வீடு விற்கும் விளம்பரத்தில் ‘சென்னை’ என்று போட்டதை நம்பி, முகவரியிலும் ‘படூர், சென்னை - 603103’ என்று எழுதுகிறோம். ஊர் பெயர் ஒரு பக்கம் இழுக்க, பின்கோடு இன்னொரு பக்கம் இழுக்கிறது. பக்கத்து ஏரியா எண்ணைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. பார்சல் வேறு ஹப்புக்குப் போய், அங்கே ‘இது நம்ம ரூட் இல்லை’ என்று ஓரமாக உட்கார்ந்துவிடும்.

எந்தக் கோவளம்?

பெயர்க் குழப்பம் இன்னொரு ரகம். இசிஆரில் ஒரு கோவளம் (603112). கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கத்தில் உலகறிந்த இன்னொரு கோவளம். கேளம்பாக்கம் பக்கம் ஒரு மாம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மாம்பாக்கம். வண்டலூர் அருகே ஒரு கொளப்பாக்கம், போரூர் அருகே ஒரு கொளப்பாக்கம். மேப்பில் முதலில் வருவதைத் தொட்டால் பார்சல் ஊர் சுற்றத்தான் செய்யும்.

இதில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. மாமல்லபுரத்தை மகாபலிபுரம் என்றும் எழுதுகிறோம், செல்லமாக மல்லை என்றும் சொல்கிறோம். செங்கல்பட்டு சிலருக்குச் செங்கல்பேட். பழைய ஆவணங்களில் சிங்கிள்புட். மனிதர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு இவை எல்லாமே வேறு வேறு ஊர்கள். 603104 என்ற எண் சரியாக இருந்தால் மட்டுமே மாமல்லபுரம் பார்சல் தப்பிக்கும்.

கேட்டில் தொடங்கும் இரண்டாவது பயணம்

சரி, பின்கோடு, ஊர் எல்லாம் சரி. ஊழியர் உங்கள் அபார்ட்மென்ட் வாசலுக்கே வந்துவிட்டார். முடிந்ததா? இல்லை.

கேட்டில் பெயர், போன் நம்பர், எந்த பிளாக், எந்த ஃபிளாட் என்று பதிவு. கேட் ஆப்பில் நீங்கள் ‘அப்ரூவ்’ தட்டவேண்டும். நீங்கள் மீட்டிங்கில் இருந்தால் அது மிஸ் ஆகும். பல வளாகங்களில் பைக் உள்ளே போகக்கூடாது. பிளாக்கைத் தேடி நடக்க வேண்டும். மெயின் லிஃப்ட்டில் ஏறக்கூடாது, சர்வீஸ் லிஃப்ட்தான் என்று சில இடங்களில் போர்டே வைத்திருக்கிறார்கள்.

இந்த நேரம் யார் கணக்கில்? பெரும்பாலான டெலிவரி ஊழியர்களுக்கு வருமானம், கொடுத்து முடித்த பார்சலின் எண்ணிக்கையைப் பொறுத்தது. கேட்டில் நிற்கும் நிமிஷங்களுக்குக் காசு கிடையாது. அதனால்தான் “சார், கேட்ல நிக்கிறேன், கீழ வாங்க” என்ற போன். நமக்கு அது எரிச்சல். அவருக்கு அடுத்த பார்சலுக்கான நேரம். 14-வது மாடியில் மூட்டு வலியோடு இருக்கும் பாட்டிக்கோ, கீழே இறங்குவது என்பது அன்றைய பெரிய வேலை. மூன்று பேர் சொல்வதும் நியாயம்தான். விதிகளை எழுதும்போது மூன்று பேரையும் யாரும் கேட்பதில்லை என்பதுதான் பிரச்னை.

இவர்கள் எத்தனை பேர்? நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் 2020-21-ல் கிக் தொழிலாளர்கள் சுமார் 77 லட்சம் பேர். 2029-30-ல் இது 2.35 கோடியாகும் என்பது அதன் கணிப்பு. தமிழ்நாடு அரசு இவர்களுக்கென நலவாரியம் அமைக்கப்போவதாக 2023 சுதந்திர தினத்தன்று அறிவித்து, பிறகு அமைக்கவும் செய்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை இவர்களின் நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது.

டிஜிபின் வந்தால் தீருமா?

2025 மே 27-ல் தபால்துறை ‘டிஜிபின்’ என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம் ஆகியவற்றோடு சேர்ந்து உருவாக்கியது. நாடு முழுவதையும் ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 இலக்கக் குறியீடு தருகிறது. பெயர், போன் நம்பர் எதுவும் அதில் இருக்காது, இடம் மட்டும்தான். தபால்துறையின் ‘உங்கள் டிஜிபின்னை அறிக’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

தெருப் பெயரே இல்லாத புது லேஅவுட்டுக்கும், இசிஆரில் தோப்புக்குள் இருக்கும் தனி வீட்டுக்கும் இது பெரிய வரம். ஆனால் அபார்ட்மென்ட்டுக்கு? டிஜிபின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துதான் கணக்கிடுகிறது. உயரம் அதில் இல்லை. தரைத்தளத்துக்கும், நேர் மேலே 14-வது மாடிக்கும் ஒரே குறியீடுதான். கேட் வரை கூட்டிவரும், கதவு வரை கூட்டிவராது. பிளாக், மாடி, ஃபிளாட் எண்ணை நாம்தான் எழுத வேண்டும்.

ஓடிபி கேட்டால் கொடுக்கலாமா?

பொருள் கைக்கு வந்த பிறகு, அதற்கென வந்த டெலிவரி ஓடிபியை மட்டும் சொல்லலாம். பார்சலைப் பார்க்கும் முன்பு போனில் கேட்டால் சொல்லாதீர்கள். ஓடிபி சொல்லிவிட்டால் சிஸ்டத்தில் ‘டெலிவரி ஆகிவிட்டது’. பிறகு வரவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. தபால்துறையின் ஸ்பீடு போஸ்ட்டிலும் 2025 அக்டோபர் 1 முதல், 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கூடுதலாகக் கட்டினால் ஓடிபி முறையில் பட்டுவாடா உண்டு.

‘முகவரி தவறு, 48 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் சரிசெய்யுங்கள்’ என்று இந்தியா போஸ்ட் பெயரில் வரும் எஸ்எம்எஸ் போலி என்று மத்திய அரசின் பிஐபி ஃபேக்ட் செக் எச்சரித்திருக்கிறது. டெலிவரி ஆள் பேசுவதாகச் சொல்லி, ‘ஸ்டார் 21’ எனத் தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொன்னாலும் உஷார். உங்கள் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பும் வேலை அது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் 2020-ன்படி:

• ஒவ்வொரு ஆன்லைன் நிறுவனமும் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் விவரத்தைத் தளத்தில் போட வேண்டும்.
• புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.
• சொன்ன தேதியைத் தாண்டித் தாமதமாக வந்தால், பொருளைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்க முடியாது. இயற்கைச் சீற்றம் போன்றவை மட்டும் விதிவிலக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் போன்ற நாட்களில் இந்த உரிமையைக் கோர முடியாது.

தீரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி, நிறுவனம் பெங்களூருவில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நம்ம ஊர்க்காரர்களுக்குச் செங்கல்பட்டிலேயே ஆணையம் இருக்கிறது. இ-ஜாக்ரிதி தளம் வழியாக ஆன்லைனிலும் பதியலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

• ஆப்பில் சேமித்த முகவரியைத் திறந்து பின்கோடை ஒருமுறை சரிபாருங்கள். தபால்துறை தளத்தில் உள்ளதுதான் சரி.
• ஊர் என்ற இடத்தில் உங்கள் பின்கோடுக்கு உரிய பெயரை எழுதுங்கள். மேப் புள்ளியை மெயின் ரோட்டில் விடாமல் சரியான கேட்டில் வையுங்கள்.
• பொய்யான ‘வீட்டில் இல்லை’ வந்தால், அந்த நேரத்து ஸ்கிரீன்ஷாட், கால் லாக், கேட் பதிவு மூன்றையும் எடுத்து வையுங்கள். புகாருக்கு அதுதான் ஆதாரம்.
• செக்யூரிட்டியிடம் கொடுக்கச் சொன்னால் மெசேஜில் சொல்லுங்கள். பிறகு காணாமல் போனால் நிறுவனத்திடம் வாதாடுவது கஷ்டம் என்பதையும் மனதில் வையுங்கள். விலை உயர்ந்த பொருள் என்றால் கையில்தான்.
• அசோசியேஷன் மீட்டிங்கில், கேட் அருகே பூட்டும் வசதியுள்ள பார்சல் ரூம், வயதானவர்கள் வீட்டுக்கு மட்டும் மேலே போக அனுமதி, டெலிவரி ஊழியர்களுக்குக் குடிதண்ணீர் ஆகிய மூன்றையும் கேளுங்கள்.

எங்கள் பார்சல்? புகார் கொடுத்தபோது கேட் ஆப்பின் பதிவை இணைத்தேன். அன்று அந்த நிறுவனத்தின் பெயரில் யாருமே எங்கள் கேட்டுக்கு வரவில்லை என்று அதில் தெளிவாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு அண்ணா மேலேயே வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஓடிபி சொன்னேன், தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். முந்தைய நாளே அப்பா மெடிக்கல் ஷாப்புக்கு நடந்துபோய் ஒரு டப்பா வாங்கி வந்திருந்தார். ‘வீட்டில் இல்லாத’ ஒரே நேரம் அதுதான்.