இரண்டு மருத்துவர்கள், ஒரே எண்

2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. அருகருகே நிற்கும் இருவரும் மருத்துவர்கள்: புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. ஆனால் ஸ்கேன் எடுத்தபோது யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர். யாஜ்னிக்கின் முக்கிய உடற்பயிற்சியோ, காலையில் மருத்துவமனை லிஃப்ட் மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறிக்கொள்வது. இதை அவர்களே படத்துடன் வந்த குறிப்பில் குறும்பாக எழுதியிருந்தார்கள்.

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் உடல் நிறை எண். 1.6 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவருக்கு 25. இந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் 19-ஆம் நூற்றாண்டு பெல்ஜிய வானியலாளர் கெத்லே. நோயைக் கண்டறிவது அவர் நோக்கமே அல்ல. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியவர் அவர். ஊரையே அளக்க வந்த கணக்கு, தனி ஆளின் மருந்துச் சீட்டில் ஏறியது பிற்பாடுதான்.

எடைக் கருவிக்குத் தசையும் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான். கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. தொடையில் தோலுக்கடியில் தங்குவது அவ்வளவு தொல்லை தருவதில்லை. குடலைச் சுற்றிச் சேர்வதுதான் வம்பு. அங்கிருந்து புறப்படும் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது, கொழுப்பு அமிலங்களையும் சுமந்துகொண்டு. கல்லீரலில் கொழுப்பு படிகிறது. இன்சுலின் சொல்வதை அது சரியாகக் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து பார்க்கிறது. கணையத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது வருவது சர்க்கரை நோய். ரத்தக் கொதிப்பும் மாரடைப்பும் இதே வழியில் நெருங்குகின்றன.

யாஜ்னிக் குழு புனேயில் பிறந்த குழந்தைகளையும் அளந்தது. சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5. புனேக் குழந்தைகளுக்குத் தசை மிகக் குறைவு, ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகப் பிறந்தும் உள்ளே கொழுப்பு!

அதனால்தான் உலக அளவில் 30-இல் தொடங்கும் உடல் பருமனை, 2009-இல் இந்திய வல்லுநர்கள் 25-க்கு இறக்கினார்கள். இடுப்புச் சுற்றளவுக்கும் வரம்பு வைத்தார்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில் டேப்பைச் சுற்ற வேண்டும். பேன்ட் அளவை நம்பக் கூடாது. தொப்பைக்குக் கீழே பெல்ட் கட்டுகிறவருக்கு இருபது வருஷமானாலும் அதே 34 அங்குலம்தான்.