மருந்தாளுநர் கல்விக்கு முன்னேற்பாடு

பொள்ளாச்சி–பாலக்காடு இருப்புப்பாதையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது மீனாட்சிபுரம். கேரளத்தின் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியில் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். இங்கு மருந்தாளுநராக விழையும் மாணவருக்கு வழிகாட்டும் பொறுப்பு, பெரும்பாலும் ஆசிரியரையும் சுகாதார ஊழியரையுமே சார்ந்ததாகும்.

முன்னாளில் கம்பவுண்டர் எனப்பட்டவரின் பணி, 1948-ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டத்தினால் முறைப்படுத்தப்பட்டது. தம் நோயாளிகளுக்குத் தாமே மருந்தளிக்கும் மருத்துவர் நீங்கலாக, மருத்துவர் சீட்டின்படி மருந்து வழங்குதல் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உரியது என்று அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு விதிக்கின்றது.

இக்கல்விக்கான வாயில் பதினொன்றாம் வகுப்பிலேயே திறக்கின்றது. அங்கேயே மூடவும் கூடும். பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றுடன் உயிரியலோ கணிதமோ பயின்றிருத்தல் வேண்டும். வணிகவியல் பிரிவில் சேர்ந்த மாணவர் பின்னர் விரும்பினும் பயனில்லை. பட்டயப் படிப்பு இரண்டு ஆண்டுகள். அதன்பின் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி உண்டு. பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள். பட்டப் படிப்பின் முதற் பருவத்தில், உயிரியல் பயிலாதவருக்கு அப்பாடமும், கணிதம் பயிலாதவருக்குக் கணிதமும் ஈடுசெய் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன.

கேரளத்தில் பட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதில் பௌதிகமும் இரசாயனமும் முக்கியம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளிலோ பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களே அடிப்படை. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குரிய இருப்பிட விதிகளும் மாநிலந்தோறும் வேறுபடுவதால், எல்லைப்புற மாணவர் தமக்குரிய சான்றிதழ்களை முன்கூட்டியே பெற்று வைத்தல் நலம்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. கல்லூரியின் படிப்பு, சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இந்திய மருந்தாளுநர் மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதைக் கட்டணம் செலுத்துமுன் அறிதல் வேண்டும். அங்கீகாரமற்ற படிப்பை முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு பெற இயலாது. செலவிட்ட பொருளும் ஆண்டுகளும் வீணாகும்.

வகுப்பறையில் இன்றே தொடங்கத்தக்க பயிற்சியும் உண்டு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் 500 மில்லிலிட்டரில் டெக்ஸ்ட்ரோஸ் எத்தனை கிராம் என்று வினவலாம், விடை 25. ஒரு மில்லிகிராம் 1,000 மைக்ரோகிராம்களுக்குச் சமம் என்பதையும் மனத்திற் பதியவைக்கலாம். தசமப் புள்ளி ஓரிடம் பிறழ்ந்தால் மருந்தின் அளவு பத்து மடங்காகவோ பத்தில் ஒன்றாகவோ மாறிவிடும். பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுமாதலால், தமிழில் தெளிவாகக் கற்ற கருத்துக்களுக்கு உரிய ஆங்கிலச் சொற்களையும் மாணவர் உடன் பழகிக்கொள்ளுதல் வேண்டும்.

பத்தாம் வகுப்பு முடியுமுன் இவற்றை மாணவருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பது, ஆசிரியர் ஆற்றக்கூடிய பெரும் உதவியாகும்.