துளைகளில் பிறந்த விஞ்ஞானம்

மாணவர்க்குப் பாடத்தை விளக்கச் செய்யப்படும் கருவி, சில வேளைகளில் ஆசிரியருக்கே புதிய வழியைக் காட்டிவிடுகிறது. 2025ஆம் ஆண்டில் இரசாயன இயலுக்கான நோபல் பரிசைப் பெற்ற ஆராய்ச்சி அவ்வாறு தொடங்கியதேயாகும்.

1974இல், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ராப்சன் என்பார், அணுக்களைக் காட்டும் மரப்பந்துகளைச் செய்விக்க முற்பட்டார். இணைக்கும் குச்சிகளுக்காக எவ்விடத்தில் துளையிட வேண்டுமென்று அவரே குறித்துக் கொடுத்தார். துளைகள் சரியாக அமைந்தபின், பந்துகளும் தாமாகவே உரிய வடிவில் பொருந்தக் கண்டார். மெய்யான அணுக்களையும் இவ்வாறு அடுக்கலாகாதோ என்ற வினா எழுந்தது.

1989இல் விடை வெளிவந்தது. மின்னேற்றம் பெற்ற செப்பு அணுக்களையும், நான்கு கைகளையுடைய கரிம மூலக்கூறுகளையும் அவர் ஒன்று சேர்த்தார். வைரம்போல் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகம் கிடைத்தது. அதனுள்ளே பெரிய குழிவறைகள் இருந்தன. உலோகம் தூணாகவும் கரிமப்பொருள் உத்தரமாகவும் அமையும் இத்தகைய பொருள் ‘உலோகக் கரிமச் சட்டகம்’ எனப்படும்.

முதலில் இவை எளிதில் நொறுங்கின. வாயுக்கள் உட்புகுந்து வெளியேறினும் சிதையாத சட்டகத்தை ஜப்பானியரான சுசுமு கித்தகாவா 1997இல் காட்டினார். அமெரிக்காவில் பணியாற்றிய ஓமர் யாகி 1999இல் அமைத்த துத்தநாகச் சட்டகமோ, 300 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கிற்று. அதில் ஓரிரு கிராமின் உட்சுவர்களை விரித்தால் ஒரு காற்பந்துத் திடலளவு பரப்பாகும். பரிசு இம்மூவருக்கும் உரியதாயிற்று.

இப்பரப்பினால் விளையும் பயன் யாது? வாயுவின் மூலக்கூறுகள் சுவர்களில் மெல்ல ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே, வெறுங்கலத்தைவிடச் சட்டகத் தூள் இட்ட கலத்தில், அதே அழுத்தத்தில் மிகுதியான மீத்தேன் அடங்கும். அழுத்தத்தைக் குறைத்தாலோ சூடேற்றினாலோ வாயு வெளிவரும். துளையின் அளவையும் சுவரின் தன்மையையும் மாற்றி, ஆலைப் புகையிலுள்ள கரியமில வாயுவைத் தனியே பிடிக்கவும் இயலும்.

ஆயினும் ஓர் இடையூறு உண்டு. புகையில் கலந்துள்ள நீராவி முந்திக்கொண்டு துளைகளை நிரப்பிவிடுகிறது. சில சட்டகங்களைக் குலைத்தும் விடுகிறது. கனடாவின் கால்கரியில் உருவாகி, 2021இல் விவரம் வெளியான ‘கால்ஃப்-20’ ஈரத்தைத் தாங்க வல்லது. சிமெண்டு ஆலைப் புகையிலும் சோதிக்கப்பட்டது. எனினும், பிடித்த வாயுவைப் பாதுகாப்பாக அடைத்து வைக்க இடமும் பொருளும் வேண்டும். ஆதலின், புகையைக் குறைக்கும் கடமையிலிருந்து இப்படிகங்கள் எவரையும் விடுவித்துவிடா.