ஒரே காரில் இரண்டு அளவுகள்



வீதியோரம் நிற்கும் ஒரு காரின் டயரைக் குனிந்து பாருங்கள். 185/65 ஆர் 15 என்பது போல ஏதேனும் எழுதியிருக்கும். 185 என்பது டயரின் அகலம், அது மில்லிமீற்றர். 15 என்பது ரிம்மின் விட்டம், அது அங்குலம். ஒரே டயரில் இரண்டு அளவுகள்! இது எப்படி வந்தது என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

இக்கலப்பு மிகப் பழையது. பிரித்தானியருக்கு மோட்டார் கார் பிரான்சிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தது. ஆகவே சிலிண்டரின் அளவை அவர்களும் மில்லிமீற்றரிலேயே சொல்லப் பழகினர். ஆனால் அவர்களது பட்டறைகளில் அங்குலமே ஆட்சி செய்தது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் 1841 இல் விட்வேர்த் வகுத்த அளவே வழக்கிலிருந்தது.

அரசாங்கத்தின் வரியும் அங்குலத்தையே நம்பியது. 1921 முதல் ஒரு குதிரை வலுவுக்கு ஒரு பவுண் வரி. அந்த வலுவை இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து அறியவில்லை. சிலிண்டர் விட்டத்தின் அங்குலத்தை அதே எண்ணால் பெருக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையாலும் பெருக்கி, 2.5 ஆல் வகுத்தார்கள். 3¾ அங்குல விட்டமுள்ள நான்கு சிலிண்டர்களைக் கொண்ட போர்ட் 'டி' காருக்கு 22½ குதிரை வலு வந்தது. 1922 இல் வெளிவந்த சிறிய ஒஸ்டின் செவனுக்கோ எட்டுப் பவுணுடன் காரியம் முடிந்தது.

இக்கணக்கில் பிஸ்டன் ஓடும் நீளம் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். விளைவு என்ன? ஒடுங்கி நீண்ட சிலிண்டர்களைச் செய்தனர். அளந்தது எதுவோ அது சிறுத்தது; அளக்காதது வளர்ந்தது. புதிய கார்களுக்கு இவ்வரி நீங்கியது 1940களின் இறுதியிலேதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹொட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுத நிறுவனம் முதலாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் கொவன்ட்ரியில் தொழிற்சாலை அமைத்தது. போருக்குப் பின் அது மொரிஸ் கார்களுக்கு இயந்திரம் செய்தது. 1923 இல் மொரிஸ் அதனை வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் புரிதான் வெட்டும். பிரித்தானிய கராஜ்களிலிருந்த ஸ்பானர்களோ விட்வேர்த் அளவு. என்ன செய்தார்கள் தெரியுமா? புரியை மெட்ரிக்கிலும் போல்ட்டின் தலையை விட்வேர்த் அளவிலும் செய்தார்கள்! இவ்வழக்கம் 1950களின் நடுப்பகுதி வரை நீடித்தது.

ஸ்பானர் பொருந்துகிறதே என்று சாதாரண நட்டை அதில் முறுக்கியவர் புரியைக் கெடுத்துக்கொண்டார். பழைய கார் வைத்திருப்போர் இதை மறக்கலாகாது. தலை பொருந்தினால் போதாது, வாசகர்களே. புரியும் பொருந்த வேண்டும்.