கிட்டத்தட்ட அமெரிக்கர்கள்!

கதவை மெல்லத் திறங்கள், மூச்! உள்ளே ஆங்கில ஆசிரியை ஒருவர் கட்டுரை திருத்திக்கொண்டிருக்கிறார். தலைப்பு 'கல்ச்சர் ஷாக்'. எழுதியவர்கள், அமெரிக்க வீடுகளில் ஹோம்ஸ்டே இருந்துவிட்டுத் திரும்பிய ஜப்பானிய மாணவர்கள். முதல் வரியிலேயே வெடி: 'ஐ வாஸ் வெரி ஷாக்கிங்!' பாவம், தான் அதிர்ந்துபோனதைச் சொல்ல வந்த பிள்ளை, ஊரையே அதிரவைத்த ஆசாமி நான்தான் என்று எழுதி வைத்திருக்கிறது. 'ஷாக்கிங்'கை அடி, 'ஷாக்ட்' போடு.

அடுத்து வருகிறது, இந்த மேஜையின் சூப்பர் ஸ்டார்! 'ஆல்மோஸ்ட் அமெரிக்கன்ஸ் வேர் ஷூஸ் இன் ஹவுஸ்.' வீட்டுக்குள் ஷூவோடு நடப்பவர்கள் அமெரிக்கர்கள் இல்லையாம், கிட்டத்தட்ட அமெரிக்கர்களாம்! கிரீன் கார்டு இன்னும் கைக்கு வரவில்லை போலிருக்கிறது. எல்லாம் 'ஹொதோந்தோ' செய்கிற வேலை. 'பெரும்பாலும்', 'கிட்டத்தட்ட' இரண்டுக்கும் ஜப்பானியருக்கு அந்த ஒரு சொல் போதும். ஆங்கிலத்தில் 'ஆல்மோஸ்ட்' பக்கத்தில் ஓர் 'ஆல்' செருகினால்தான் அசல் அமெரிக்கர்கள் வந்து சேர்வார்கள்.

'ஹவுஸ்' முன்னால் குட்டியாக ஒரு கூரைக் குறி. அங்கே 'த' விடுபட்டிருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'எ', 'த' சங்கதியே கிடையாது. அதனால் பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இந்தக் குறிதான். (இந்த விஷயத்தில் நாமும் பெரிய யோக்கியர்கள் இல்லை!)

இவ்வளவு மெனக்கெடுவதில் பலன் உண்டா? தைவானில் பாடம் நடத்திய ஜான் ட்ரஸ்காட், 1996-இல் ஒரே போடாகப் போட்டார்: இலக்கணத் திருத்தம் உதவாது, கெடுதல்தான், விட்டுவிடுங்கள்! 1999-இல் டானா ஃபெரிஸ் எதிர்த்து எழுதினார். அந்த மல்லுக்கட்டு இன்னும் ஓயவில்லை. என் ஓட்டு ஃபெரிஸுக்கே. ஆனாலும் ஒரு கட்டுரைக்கு இரண்டு வகைப் பிழையைப் பிடித்தால் போதும். பக்கமே ரத்தக்களறியானால் எந்தப் பிள்ளை திரும்பிப் படிக்கும்?

அடடா, இதைப் பாருங்கள்! கடைக்காரம்மா 'ஹவ் ஆர் யூ?' என்றதும், ராத்திரி தூங்காததிலிருந்து தொடங்கித் தன் கதையை மெனக்கெட்டுச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள் ஒருத்தி. அடுத்த வரி: 'ஷீ ஆல்ரெடி கான்.' நடுவில் ஒரு 'வாஸ்' ஏறுகிறது. ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓரத்தில் ஒரு ஸ்மைலி போடுகிறார்.

அடுத்த கட்டு ஸ்பானிஷ் மாணவர்களுடையது. எழுவாயை விழுங்குவதில் அவர்கள் கில்லாடிகள். 'இஸ் வெரி கோல்ட்!' எதுப்பா? ஊரா, சூப்பா, ஹோம்ஸ்டே பாட்டியா?