தகரப் பெட்டியில் நனைந்த படங்கள்

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் கூறைப்புடவைக்கு அடியில், வீட்டுப் பத்திரத்தோடு பத்திரமாக ஒரு போட்டோ ஆல்பம் இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. 2011ஆம் வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததே, அன்றைக்கு எங்கள் கம்மாபுரம் வீட்டுக் கூரையில் பாதி ஓட்டைக் காற்று வாரிக்கொண்டு போய்விட்டது. முந்திரிக் கொல்லையில் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. நெல் மூட்டையை நகர்த்தவும், பிள்ளைகளுக்கு ஒரு வாய் கஞ்சி வைக்கவுமே நேரம் சரியாக இருந்தது. பெட்டி ஞாபகம் எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது.

திறந்தால் ஆல்பம் முழுக்கத் தண்ணீர். இரண்டு படங்கள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டிருந்தன. அவசரக்குடுக்கை நான், ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் ஒரு படத்தின் மேல்தோல் இன்னொன்றோடு உரிந்து வந்துவிட்டது. அது மாமனாரும் மாமியாரும் கலியாணமான புதிதில், மாசி மகத்துக்கு விருத்தாசலம் போனபோது ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டது. நடுவில் முக்காலியில் நிற்பது அவர்களுடைய மூத்த பிள்ளை, என் கணவருக்கு அண்ணன். நாலு வயதில் ஜுரத்தில் போய்விட்டவர். அவருக்கு என்று இருந்தது அந்த ஒரே படம். உரிந்து போனது அந்த முகம்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "விடு, ஈரத்துல என்னா பண்ணுவ" என்று வாங்கிக்கொண்டு போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

நனைந்த படத்தை என்ன செய்ய வேண்டும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஒட்டிய படங்களை இழுக்கவே கூடாது. அகலமான தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதில் ஊறவிட்டால், பழைய ஸ்டுடியோப் படங்கள் பெரும்பாலும் தாமாகவே விட்டுக்கொடுக்கும். பிறகு முகம் மேலாக இருக்கும்படி வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாகப் பரப்பி நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் அப்பளம் போலச் சுருண்டுவிடும். ஆல்பத்தின் பசைத் தாளில் ஒட்டிக்கொண்டதற்கு, மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் செலுத்தி மெதுவாக அறுப்பது போல் இழுத்தால் வந்துவிடும். வீட்டில் இரண்டாம்தரப் படம் ஒன்றில் முதலில் செய்து பாருங்கள்.

தப்பிய படங்கள் 41. அவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்ததோடு சரி. மகள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச மடிக்கணினி வீட்டுக்கு வந்தது. பரீட்சை முடிந்த லீவில் அவள்தான் ஆரம்பித்தாள். "ம்மா, இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஸ்கூல் ஸ்கிராப் புக் மாதிரி பக்கம் பக்கமாச் செய்யலாமா?"

நான் பத்தாவதோடு நின்றவள். எனக்கு மவுஸைப் பிடிக்கவே பயமாக இருந்தது. ஆனால் அவள் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டபோது, அட, இது நாம் எம்பிராய்டரிக்கு டிசைன் எடுக்கிற வேலைதானே என்று தோன்றிவிட்டது. நாங்கள் பயன்படுத்தியது கிம்ப் என்ற மென்பொருள். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு மாணவர்கள் உண்டாக்கி 1996இல் வெளியிட்டது. இன்றைக்கும் இலவசம்தான். போட்டோஷாப்புக்குக் காசு கட்ட வேண்டும். நம் வீட்டு வேலைக்குக் கிம்ப் தாராளம்.

இதில் சூட்சுமம் எல்லாம் 'லேயர்' என்பதில் இருக்கிறது. டிரேசிங் தாளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு தாளில் பின்னணி, அடுத்ததில் படம், அதற்குமேல் கரை, எல்லாவற்றுக்கும் மேலே எழுத்து. ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் அந்தத் தாள் மட்டும் மறையும், மறுபடி தட்டினால் வரும். பிடிக்காவிட்டால் கிழித்துப் போட வேண்டியதில்லை. பசை கொட்டி வீணாகும் வெட்டி ஒட்டும் நோட்டில் இந்த வசதி ஏது?

படத்தை உள்ளே ஏற்ற ஸ்கேனர்தான் நல்லது. சின்னப் படமானால் 600 டிபிஐ வைக்கச் சொல்லுங்கள். செல்போனில் எடுப்பதானால் ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னலோரம் வெளிச்சத்தில் படத்தைச் சமமாக வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். பக்கத்துக்கு ஏ4 அளவு வைத்தோம், அதாவது 2480க்கு 3508 புள்ளி. பைண்டிங்குக்கு இடது பக்கம் இரண்டு சென்டிமீட்டர் விட மறந்து, முதல் மூன்று பக்கமும் திரும்பச் செய்தது தனிக் கதை.

1980களின் கலர்ப் படங்கள் செக்கச்செவேல் என்று ஆகியிருக்கும். சாயத்தில் நீலப்பச்சைப் பங்கு முதலில் வெளுத்துப் போவதால் வருவது அது. 'கலர்ஸ்' பகுதியில் 'லெவல்ஸ்' போய் ஆட்டோ என்று தட்டினால் பாதி சரியாகிவிடும். மீதியைக் கண் பார்த்துச் செய்ய வேண்டும், சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற மாதிரி.

பூ, பட்டாம்பூச்சி, இதயம் என்று கணினியில் எடுத்துப் போட ஆயிரம் கிடைக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. அத்தையின் கூறைப்புடவைக் கரையை ஸ்கேனரில் வைத்து எடுத்து, அதையே பக்கத்துக்குக் கரையாகப் போட்டோம். என் வாசல் கோலத்தைப் போட்டோ பிடித்து, மங்கலாக்கிப் பின்னணியாக வைத்தோம். வந்து பார்த்த ஓரகத்தி, எந்தக் கடையில் செய்தீர்கள் என்றுதான் கேட்டாள்.

தமிழில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. சில மென்பொருளில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும். கிம்பில் லதா, நோட்டோ போன்ற யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் ஒழுங்காக வரும். பக்கத்தை எக்ஸ்சிஎஃப் என்று சேமித்தால்தான் லேயர்கள் கலையாமல் இருக்கும். அச்சுக்குக் கொடுக்க மட்டும் ஜேபெக்.

ஆனால் என்ன எழுதுவது? அங்கேதான் மாட்டிக்கொண்டோம். 41 படங்களில் பாதி முகம் என் கணவருக்கே தெரியவில்லை. தெரிந்தவர் அத்தை ஒருவர்தான். அவருக்கும் காலையில் சொன்னது மாலையில் மறக்கத் தொடங்கியிருந்தது. அதனால் டிசைனை நிறுத்திவிட்டு, மத்தியானம் சாப்பாடானதும் தினம் இரண்டு படம் என்று அவர் கையில் கொடுத்துக் கேட்டோம். சொன்னதைப் படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதினேன். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தழும்பு விழும். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடிக் கணினியில் ஏற்றியிருக்கிறது. படித்தவர்கள் ஊர் ஊராய் அலைந்து தேடுவது, நம் வீட்டில் பேர் சொல்ல ஆளோடு கிடக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக அந்த உரிந்த படம். மகள் சொன்னாள், "அப்பாவோட சின்ன வயசு முகத்த எடுத்து வச்சிடலாம்மா. அண்ணன் தம்பி ஜாடை இருக்கும்ல?" இப்போது செல்போனிலேயே இல்லாத முகத்தை உண்டாக்கிக் கொடுக்கிறார்களாம். ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டாள். கழுத்தும் நிழலும் அத்தனை பொருத்தம். என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. ஓடிப் போய் அத்தையைக் கூட்டி வந்தேன்.

வெகு நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது உம் புருசன். அவன் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "அவனுக்கு நெத்தியில தழும்பு இருக்கும். அம்மி முனையில வுழுந்தான். போட்டாக்காரன் துணிக்குள்ள தலைய வுட்டதும், பேயின்னு அழுதான். அதான் அவங்கப்பா கைய இறுக்கிப் புடிச்சிருக்கான், பாரு" என்றார்.

அத்தனை வருஷமும் நான் அந்தக் கையைக் கவனித்ததில்லை. மாமனாரின் ஒற்றை விரலை ஐந்து விரலாலும் பற்றியிருந்தது. அந்த இடம் உரியவில்லை.

மகள் ஒன்றும் பேசாமல் கண் படத்தைத் தட்டினாள். வைத்த முகம் மறைந்து, வெள்ளையாய் உரிந்த இடம் திரும்ப வந்தது. அதை அப்படியே விட்டோம். கையை மட்டும் பெரிதாக்கிப் பக்கத்தில் இன்னொரு படமாக வைத்து, அத்தை சொன்னதை அவர் சொன்ன பேச்சிலேயே அடித்தோம். புடவைக் கரையும் கோலமும் அந்தப் பக்கத்துக்குப் போடவில்லை.

விருத்தாசலத்தில் அச்சடித்து வாங்கி வந்ததும், எழுதப் படிக்கத் தெரியாத அத்தை பேத்தியை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார். அவளும் வாசித்தாள். முடிந்ததும், "நடைவண்டி வுட்டுப் போச்சே. ஆசாரி செஞ்சி குடுத்தாரு, பச்ச கலரு. அத எழுதலியா?" என்றார்.

பக்கத்தில் இடமில்லை. "இரு ஆயா" என்று மகள் மடிக்கணினியைத் திறந்து, புதிதாக ஒரு வெள்ளைப் பக்கம் எடுத்தாள்.