சேப்பாக்கத்துச் சமன்

நெற்களத்தில் இரண்டு வயல்களின் விளைவை அளக்கின்றனர் எனக் கொள்வோம். அளந்து முடியுமுன் இருட்டிவிடின், எவ்வயல் மிகுதியாக விளைந்தது என்று துணிந்து கூற இயலாது. இரண்டு பொலியையும் கடைசி மரக்கால் வரை அளந்து முடித்தபின் இரண்டும் ஒத்து நிற்குமாயின், அது வேறு. முன்னது அளவு முடியாமை. பின்னது அளந்து அறிந்த சமன்.

ஐந்து நாள் நடைபெறும் டெஸ்டு மட்டைப்பந்தாட்டத்திலும் இவ்விரு நிலைகளும் உண்டு. காலம் போதாமையால் வெற்றி தோல்வியின்றி நிற்பதை ‘டிரா’ என்பர். அஃது அடிக்கடி நிகழ்வது. இரு அணியினரின் ஓட்டங்களும் ஒத்திருக்க, பின்னர் ஆடிய அணியின் கடைசி ஆட்டக்காரரும் ஆட்டமிழப்பின், அதனை ‘டை’ என்பர். 1877 முதல் நடந்துள்ள 2500-க்கும் மேற்பட்ட டெஸ்டு ஆட்டங்களுள் இவ்வாறு சமனாக முடிந்தவை இரண்டே. ஒன்று, 1960 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் மேற்கிந்தியத் தீவினருடன் நடந்தது. மற்றொன்று, 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை நம் சென்னைச் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடியது.

அது புரட்டாசித் தொடக்கம். அம்மாதத்தில் பொன்னுருகக் காயும் என்பது பழமொழி. தரங்கம்பாடி போன்ற கடற்கரை ஊரினர்க்கு அப்புழுக்கத்தை விளக்க வேண்டுவதில்லை. நிழலில் அமர்ந்திருப்பினும் மேலாடை நனைந்துவிடும். குளிர்நாட்டுப் பழக்கமுடைய இளைஞர் ஒருவர் அவ்வெயிலில் எட்டு மணி நேரத்திற்கு மேல் மட்டை பிடித்து நின்றார். அவர் டீன் ஜோன்ஸ். உடலின் நீரெல்லாம் வற்ற, களத்திலேயே பலமுறை வாந்தியெடுத்தார். இனி இயலாது என்று அவர் வெளியேற விரும்பியபோது, அணித்தலைவர் ஆலன் பார்டர், ‘அப்படியாயின் உறுதிமிக்க குவீன்ஸ்லாந்துக்காரர் ஒருவரை அழைத்துக்கொள்கிறேன்’ என்னும் பொருள்படக் கூறினாராம். குவீன்ஸ்லாந்து பார்டர் ஆடிய மாநிலம். ஜோன்ஸ் விக்டோரியாவைச் சேர்ந்தவர். அச்சொல் தைக்கவே அவர் நின்று ஆடி 210 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் அவரை மருத்துவமனையில் சேர்த்து உப்புநீர் ஏற்ற நேர்ந்தது. உயிருக்கு இடர் செய்யும் அளவிற்கு ஓர் ஆட்டக்காரரைத் தூண்டலாமா என்னும் வினா எழத்தான் செய்கின்றது. எனினும், 2020-இல் மும்பையில் ஜோன்ஸ் மறைந்தபோது உலகம் முதலில் நினைவுகூர்ந்தது அந்த 210-ஐத்தான்.

டேவிட் பூன் 122, பார்டர் 106 எடுத்தனர். ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574 ஓட்டங்களுடன் தன் முதல் ஆட்டத்தை முடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மாலை இந்தியா 7 விக்கெட்டு இழந்து 270. தோல்வி வாயிலிலே நிற்பதாகவே தோன்றிற்று. ஆனால், அணித்தலைவர் கபில் தேவ் கடைசி ஆட்டக்காரர்களைத் துணைக்கொண்டு 119 ஓட்டங்கள் குவித்தார்; மொத்தம் 397 ஆயிற்று. நான்காம் நாள் இறுதியில் ஆஸ்திரேலியா 5 விக்கெட்டுக்கு 170.

இங்கேதான் ஆட்டத்தின் திருப்பம். ஐந்தாம் நாளும் சிறிது நேரம் ஆடி, எட்டாத இலக்கை வைத்திருந்தால் பார்டரைக் குறை கூறுவார் யாருமிலர். அவரோ மேலும் ஆடாமல், 348 ஓட்டங்கள் எடுங்கள் என்று இந்தியாவிடம் ஒரு முழு நாளைக் கொடுத்துவிட்டார். தோற்கக்கூடும் என்று அறிந்தே எடுத்த முடிவு அது. இந்தியரும் நாளைப் போக்கிப் பிழைக்க எண்ணவில்லை. கவாஸ்கர் 90, அமர்நாத் 51, அசாருதீன் 42 என ஓட்டங்கள் சேர்ந்தன. மறுபுறம் சுழற்பந்து வீச்சாளர் கிரெக் மாத்யூஸ், அவ்வெயிலிலும் கம்பளிச் சட்டை அணிந்துகொண்டு ஓயாது வீசினார்! அவருக்கு ஐந்து, ரே பிரைட்டுக்கு ஐந்து என விக்கெட்டுகள் வீழ்ந்தன.

6 விக்கெட்டுக்கு 331 என்னும்போது இந்தியாவின் வெற்றி கையருகே இருந்தது. 331, 334, 344 என்னும் எண்களில் அடுத்தடுத்து மூவர் ஆட்டமிழந்தனர். கடைசி ஓவர் தொடங்கியபோது வேண்டியவை 4 ஓட்டங்கள். இருப்பது ஒரே விக்கெட்டு. ஆடுபவர் ரவி சாஸ்திரி; எதிர்முனையில் மணீந்தர் சிங்; வீசுபவர் மாத்யூஸ். முதற்பந்தில் ஓட்டமில்லை. இரண்டாம் பந்தில் இரண்டு. மூன்றாம் பந்தில் ஒன்று. எண்ணிக்கை ஒத்துவிட்டது.

சாஸ்திரி அந்த ஒற்றை ஓட்டத்தை எடுக்காமல், தாமே நின்று ஓங்கி அடித்திருக்கலாமே என்பர் சிலர். அது பொருந்தாது. அவ்வோட்டத்தால் இந்தியா தோற்பதற்கு வழியே இல்லாமற் போயிற்று. எஞ்சியது வெற்றி, டிரா, டை என்னும் மூன்றே. மணீந்தர் மீதிப் பந்துகளைத் தடுத்தே நின்றிருப்பினும் ஓட்டங்கள் ஒத்திருக்கும். ஆயினும் விக்கெட்டு எஞ்சியிருப்பதால் அது டிராவே ஆகும்.

நான்காம் பந்தை அவர் தடுத்தார். ஐந்தாம் பந்து காலிற் பட்டது. ஆஸ்திரேலியர் ஒருமித்து முறையிட, நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். 347! பந்து முதலில் தம் மட்டையிற் பட்டது என்று மணீந்தர் பின்னர்க் கூறிவந்தார். நிகழ்ந்ததை மீண்டும் திரையிற் பார்த்துத் தீர்ப்பை ஆராயும் முறை அந்நாளில் இல்லை. நடுவரின் கண்ணே முடிந்த முடிபு. வீசப்படாமல் எஞ்சியது ஒரே ஒரு பந்து.

ஆட்டநாயகர் பட்டம் ஜோன்சுக்கும் கபில் தேவுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆஸ்திரேலிய அணியின் பயிற்றுநராக அன்று சேப்பாக்கத்தில் இருந்தவர் பாப் சிம்ப்சன். 26 ஆண்டுகளுக்கு முன் பிரிஸ்பேனில் நடந்த அந்த முதற் சமனாட்டத்தில் அவர் தாமே மட்டை பிடித்து ஆடியவர்.